கிரப் "பிழை இல்லை" என்கிறது, மெஷின் பூட் ஆகவில்லை

8 பிப்ரவரி 2025, காலை (கேள்வி)

அண்ணா, பழைய எஸ்எஸ்டியில் இருந்த லினக்ஸைப் புது எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தேன். இரண்டும் மெஷினுக்குள்தான் இருக்கின்றன. பழையதில் லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்து டேட்டாவுக்கு வைத்துக்கொண்டேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் "நோ சச் டிவைஸ்" என்று ஒரு நீள எண், அதன் கீழே கிரப் (லினக்ஸை ஏற்றும் பூட் லோடர்) காட்டும் ரெஸ்க்யூ வரி. லைவ் யூஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில்) போய், சிஎச்ரூட் செய்து (டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து), கிரப்-இன்ஸ்டால் கொடுத்தேன். "இன்ஸ்டாலேஷன் ஃபினிஷ்டு, நோ எரர் ரிப்போர்ட்டட்" என்றுதான் வந்தது. ரீஸ்டார்ட் செய்தால் அதே திரை, அதே எண். மறுபடி கொடுத்தேன், மறுபடி எரர் இல்லை, மறுபடி அதே. கிரப் என்றாலே இப்படித்தானா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு டிஸ்ட்ரோவைப் புதிதாகப் போட்டுவிடவா?

8 பிப்ரவரி, மதியம்

புதிதாகப் போட வேண்டாம். உங்கள் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் சில விவரங்கள் வேண்டும். லைவ் யூஎஸ்பியில் இருக்கும்போது /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ என்ற டைரக்டரி இருக்கிறதா? இருந்தால் யூஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறீர்கள், இல்லையென்றால் பழைய பயாஸ் முறை. நகலெடுத்தது எப்படி, டிடியா (டிஸ்க்கை அப்படியே பைட் பைட்டாக) ஆர்சிங்கா (ஃபைல்களை மட்டும்)? கிரப்-இன்ஸ்டால் கொடுத்தபோது வந்த எல்லா வரிகளையும் போடுங்கள். கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மேலே உள்ளதை விட்டுவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். விஷயம் அந்த மேல் வரிகளில்தான் இருக்கும்.

8 பிப்ரவரி, இரவு

பதில் வரும்வரை ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். "கிரப் போய்விட்டது" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். கிரப் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பொருள் இல்லை. துண்டு துண்டாக, வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. ஒரு துண்டு அடுத்ததைத் தேடிப்பிடித்து அதனிடம் வேலையை ஒப்படைக்கும். எந்த இடத்தில் நின்றது என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும்.

பயாஸ் முறையில் ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க புரோகிராம்) படிப்பது டிஸ்க்கின் முதல் செக்டரை மட்டும். மொத்தம் 512 பைட். அதில் பார்ட்டிஷன் டேபிளுக்கு 64 பைட், கடைசியில் அடையாளத்துக்கு 2 பைட் போனால் கோடுக்கு 446 பைட்தான் மிச்சம். அதற்குள் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கும் புத்தியெல்லாம் வைக்க முடியாது. அதற்குத் தெரிந்தது அடுத்த துண்டு எந்த செக்டரில் தொடங்குகிறது என்பது மட்டுமே. அந்த அடுத்த துண்டு, கோர் இமேஜ், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் உட்காரும். முன்பெல்லாம் முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கும், ஆகவே 31 கேபி இடம்தான். இப்போது 2048ஆம் செக்டரில் தொடங்குவதால் நெருக்கடி இல்லை. டிஸ்க் ஜிபிடியாக (புதிய வகை பார்ட்டிஷன் டேபிளாக) இருந்து, மெஷின் பயாஸ் முறையில் பூட் ஆனால், அந்த வெற்றிடத்தை நம்ப முடியாது. 1 எம்பி அளவில் தனியாக ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் வைக்க வேண்டும். ஃபார்மேட் செய்யக்கூடாது, மவுண்ட் செய்யக்கூடாது (டைரக்டரியாக இணைக்கக்கூடாது), அப்படியே விட்டுவிட வேண்டும்.

யூஈஎஃப்ஐ முறையில் இந்த ஒளித்துவைக்கும் வேலை இல்லை. ஃபர்ம்வேருக்கே ஃபேட் ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியும். இஎஸ்பி என்ற சிறிய பார்ட்டிஷனில் கிரப் ஒரு சாதாரண ஃபைலாக இருக்கும். ஆனால் அந்த ஃபைல் இருந்தால் மட்டும் போதாது. "இந்த டிஸ்க்கில், இந்த அடையாள எண் உள்ள பார்ட்டிஷனில், இந்தப் பாதையில் உள்ள ஃபைலை ஓட்டு" என்று மதர்போர்டின் என்விராமில் (அணைத்தாலும் அழியாத நினைவகத்தில்) ஒரு பதிவும் இருக்க வேண்டும். ஆக, கிரப்-இன்ஸ்டால் செய்வது இரண்டு வேலை: ஃபைலை எழுதுவது, ஃபர்ம்வேரிடம் சொல்வது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

எங்கே நின்றது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளங்கள் இவை. பயாஸ் மெஷினில் "கிரப்" என்ற சொல்லோடு ரீட் எரர் அல்லது ஜியாம் எரர் வந்து நின்றால் முதல் செக்டர் ஓடிவிட்டது, கோர் இமேஜைப் படிக்க முடியவில்லை. "கிரப் ரெஸ்க்யூ" என்று வந்தால் கோர் இமேஜ் ஓடுகிறது, ஆனால் தன் மாட்யூல்கள் (கூடுதல் வேலைகளுக்கான துண்டு புரோகிராம்கள்) இருக்கும் டைரக்டரி அதற்குக் கிடைக்கவில்லை. ரெஸ்க்யூ இல்லாமல் வெறும் "கிரப்" என்ற கட்டளை வரி மட்டும் வந்தால் மாட்யூல்கள் கிடைத்துவிட்டன, மெனுவுக்கான கான்ஃபிக் ஃபைல்தான் கிடைக்கவில்லை. மெனு வந்து, கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) ஓடி, "இனிட்ராம்எஃப்எஸ்" (கெர்னலின் தற்காலிகத் தொடக்கச் சூழல்) என்ற வரியில் விழுந்தால் பூட் லோடர் தன் வேலையை முடித்துப் போய்விட்டது. அங்கே கிரப்-இன்ஸ்டால் எத்தனை முறை கொடுத்தாலும் பயன் இல்லை.

9 பிப்ரவரி, காலை

மேலே எழுதியதைப் படித்தபோது லைலோ என்ற பழைய பூட் லோடர் நினைவுக்கு வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

லைலோ தன் ஆங்கிலப் பெயரின் (எல்-ஐ-எல்-ஓ) நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் போடும். "எல்" மட்டும் வந்து நின்றால் இரண்டாம் கட்டத்தை ஏற்ற முடியவில்லை. "எல்ஐ" என்று நின்றால் ஏற்றிவிட்டது, ஓட்ட முடியவில்லை. நான்கும் வந்தால் எல்லாம் சரி. இதைவிடச் சிக்கனமான எரர் மெசேஜை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அதே நேரம் அதற்கு ஃபைல் சிஸ்டம் என்றால் என்னவென்றே தெரியாது. கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கெர்னலை அப்டேட் செய்துவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால் அடுத்த பூட்டில் தெரியும். 2015 டிசம்பரோடு அதன் வளர்ச்சி நின்றுபோனது.

அதே 2015 டிசம்பரில் கிரப்புக்கும் ஒரு வேடிக்கை நடந்தது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கிரப்பில், யூசர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை தட்டினால் ரெஸ்க்யூ திறந்துவிடும் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1.98 பதிப்பிலிருந்தே அந்த ஓட்டை இருந்திருக்கிறது. நாம் ரெஸ்க்யூவிலிருந்து வெளியே வரத் தவிக்கிறோம், அங்கே உள்ளே போக வழி தேடியிருக்கிறார்கள்.

9 பிப்ரவரி, மாலை

பதில் வந்துவிட்டது. யூஈஎஃப்ஐ முறை, ஆர்சிங்கால் நகல், செக்யூர் பூட் (கையொப்பமில்லாத பூட் புரோகிராம்களைத் தடுக்கும் வசதி) அணைத்திருக்கிறது. கிரப்-இன்ஸ்டால் தந்த வரிகளையும் போட்டிருக்கிறார். நான் எதிர்பார்த்தது அப்படியே இருக்கிறது: "வார்னிங்: ஈஎஃப்ஐ மாறிகளை இந்த சிஸ்டத்தில் எழுத முடியவில்லை, மிச்ச வேலையை நீங்களே செய்ய வேண்டும்." அதற்கு அடுத்த வரியிலேயே "நோ எரர் ரிப்போர்ட்டட்."

ஈஎஃப்ஐ மாறிகள் என்பவை என்விராமில் உள்ள பதிவுகள். அதாவது முதல் வேலை முடிந்தது, இரண்டாவது நடக்கவில்லை. புது டிஸ்க்கின் இஎஸ்பியில் புது கிரப் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஃபர்ம்வேரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அதன் பட்டியலில் பழைய டிஸ்க்கின் இஎஸ்பிதான் இருக்கிறது. நீங்கள் ஃபார்மேட் செய்தது லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும்தான், பழைய இஎஸ்பியைத் தொடவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் பழைய கிரப்தான் எழுந்து, இப்போது இல்லாத ஒரு யூயூஐடியை (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணை, அந்தத் திரையில் வந்த நீள எண்ணை) தேடிவிட்டு ரெஸ்க்யூவில் விழுகிறது. வீடு மாறியதை போஸ்ட்மேனிடம் சொல்லாமல், புது வீட்டுக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

டிடியா ஆர்சிங்கா என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. டிடியால் நகலெடுத்திருந்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகியிருக்கும். பழைய கிரப் அதே எண்ணைப் புது டிஸ்க்கில் கண்டுபிடித்து பூட்டும் செய்திருக்கும், இந்த இழையே பிறந்திருக்காது. ஆர்சிங் ஃபைல்களை மட்டும்தான் நகலெடுக்கும். புது ஃபைல் சிஸ்டத்துக்கு எண் புதிது.

சரி, ஈஎஃப்ஐ மாறிகளை ஏன் எழுத முடியவில்லை? சிஎச்ரூட்டுக்கு முன்னால் டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் டைரக்டரிகள் மூன்றையும் சிஎச்ரூட்டுக்குள்ளும் தெரியும்படி "பைண்ட்" போட்டு மவுண்ட் செய்திருப்பீர்கள். பல வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண பைண்ட், அந்த டைரக்டரிக்கு உள்ளே தனியாக மவுண்ட் ஆகியிருப்பவற்றைக் கொண்டுவராது. ஈஎஃப்ஐ மாறிகள் சிஸ்ஸுக்குள் தனி மவுண்ட். "ஆர்பைண்ட்" போட்டால் அவையும் சேர்ந்து வரும். இல்லையென்றால் சிஎச்ரூட்டுக்குள் போன பிறகு ஈஎஃப்ஐவார்எஃப்எஸ் என்பதைக் கையால் மவுண்ட் செய்யலாம். புது இஎஸ்பியை /பூட்/ஈஎஃப்ஐயில் மவுண்ட் செய்ய மறக்காதீர்கள். அப்புறம் கிரப்-இன்ஸ்டால் கொடுங்கள். வார்னிங் வரக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஆர்பைண்ட் போட்டிருக்கும்போது அந்த மவுண்ட் டைரக்டரியை ஆர்எம் கட்டளையால் அழித்துச் சுத்தம் செய்ய நினைக்காதீர்கள். ஈஎஃப்ஐ மாறிகளும் சேர்ந்து அழியலாம். அப்படி அழித்ததில் சில லேப்டாப்புகள் உயிர்விட்டது 2016இல் பெரிய பேச்சாக இருந்தது. கெர்னல் 4.5 முதல் பொதுத் தரத்தில் இல்லாத மாறிகளுக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். பூட்டு இருக்கிறது என்பதற்காகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். முதலில் அன்மவுண்ட்.

10 பிப்ரவரி

வேறொருவர் கேட்கிறார்: லைவ் யூஎஸ்பியே இல்லாமல், அந்த ரெஸ்க்யூ வரியிலிருந்தே போக முடியாதா? முடியும், பல சமயம். ரெஸ்க்யூவில் எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் ஆகிய நான்கு கட்டளைகள்தான் உண்டு, அவையே போதும். எல்எஸ் கொடுத்தால் டிஸ்க்குகளும் பார்ட்டிஷன்களும் தெரியும். ஒவ்வொன்றாக எல்எஸ் செய்து, பூட் டைரக்டரிக்குள் கிரப் டைரக்டரி எதில் இருக்கிறது என்று பிடிக்க வேண்டும். (எச்டி1,ஜிபிடி2) என்று வைத்துக்கொள்வோம். ப்ரிஃபிக்ஸ் மாறியை (எச்டி1,ஜிபிடி2)/பூட்/கிரப் என்று செட் செய்து, ரூட் மாறியை (எச்டி1,ஜிபிடி2) என்று செட் செய்து, "இன்ஸ்மாட் நார்மல்", அப்புறம் "நார்மல்". மெனு வந்துவிடும். டிஸ்க் எண் 0இல் தொடங்கும், பார்ட்டிஷன் எண் 1இல் தொடங்கும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். பழைய கிரப்பில் இரண்டுமே 0இல்தான் தொடங்கின.

எல்எஸ் செய்யும்போது எல்லா பார்ட்டிஷனுக்கும் "அன்நோன் ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் பதற வேண்டாம். கோர் இமேஜுக்குள் எந்த ஃபைல் சிஸ்டத்தின் மாட்யூல் இருக்கிறதோ அதை மட்டும்தான் அதற்குப் படிக்கத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு: ஃபைல் சிஸ்டம் புதிது, கிரப் பழையது. 2023இல் வந்த ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47 (ஃபார்மேட் செய்யும் டூல்களின் தொகுப்பு), லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை ஃபார்மேட் செய்யும்போது புதிய ஒரு செக்சம் வசதியைத் தானாகவே இயக்கியது. கிரப் 2.06க்கு அது புரியவில்லை. பார்ட்டிஷன் நல்லபடியாக இருக்கும், லைவ் யூஎஸ்பியில் திறக்கும், கிரப் மட்டும் கையை விரிக்கும்.

10 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

அந்த ரெஸ்க்யூ வழி இந்தக் கேள்வி கேட்டவரின் மெஷினில் வேலை செய்யும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே ஓடுவது பழைய இஎஸ்பியின் கோர் இமேஜ். ஏற்றப்போவது புது டிஸ்க்கில் உள்ள மாட்யூல்கள். இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் சேரும். வேறு வேறாக இருந்தால் "சிம்பல் நாட் ஃபவுண்ட்" என்று நிற்கும்.

2020 ஜூலையில் இது பெரிய அளவில் நடந்தது. பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான அப்டேட் வந்ததும், பல பயாஸ் மெஷின்கள் "கிரப்_காலக் சிம்பல் நாட் ஃபவுண்ட்" என்று ரெஸ்க்யூவில் விழுந்தன. அப்டேட், மாட்யூல்களைப் புதிதாக்கியது. கோர் இமேஜை எந்த டிஸ்க்கில் எழுதுவது என்பதற்கு முன்பு எப்போதோ பதிந்துவைத்த பெயரை நம்பியது. மெஷின் உண்மையில் பூட் ஆகும் டிஸ்க் வேறாக இருந்த இடங்களில், அந்த டிஸ்க்கில் பழைய கோர் இமேஜ் அப்படியே இருந்தது. பழைய கோர், புது மாட்யூல். இந்தக் கேள்வியும் அதே குடும்பம்தான்: எழுதிய இடம் ஒன்று, படிக்கும் இடம் வேறு.

11 பிப்ரவரி, காலை

"பூட் ரிப்பேர் என்று ஒரு டூல் இருக்கிறது, ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது, எதற்கு இவ்வளவு கதை" என்று ஒருவர். நியாயமான கேள்வி. அவசரத்துக்கு நானும் ஓட்டியிருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது சரிசெய்யும் பட்டன் இல்லை, ரிப்போர்ட் எடுக்கும் பட்டன். எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது, பூட் வரிசை என்ன என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டித் தரும். சரிசெய்யும் பட்டனை அமுக்கினால் நிறைய இடங்களில் கை வைக்கும். மெஷின் பூட் ஆகிவிட்டால் ஏன் ஆனது என்று தெரியாது. ஆகாவிட்டால் முன்பு இருந்த தடயமும் போய்விட்டிருக்கும்.

11 பிப்ரவரி, இரவு

நேற்று முன்தினம் ஃபர்ம்வேரிடம் சொன்னால் போதும் என்பது போல எழுதிவிட்டேன். சொன்னாலும் கேட்காத ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன. என்னிடம் இருந்த ஒரு லேப்டாப் (கம்பெனி பெயர் வேண்டாம்), பதிவைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மறந்துவிடும். இன்னும் சில விண்டோஸின் பூட் ஃபைலைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்தும் பார்க்காது.

இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு பொதுப் பாதை உண்டு. இஎஸ்பிக்குள் ஈஎஃப்ஐ டைரக்டரி, அதற்குள் பூட் டைரக்டரி, அதற்குள் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ. பட்டியலில் எதுவும் இல்லாவிட்டாலும் ஃபர்ம்வேர் தேட வேண்டிய இடம் இது. பென்டிரைவ்கள் எந்தப் பதிவும் இல்லாமல் பூட் ஆவது இதனால்தான். கிரப்-இன்ஸ்டாலுக்கு "ரிமூவபிள்" என்ற ஆப்ஷன் கொடுத்தால் அங்கே எழுதும். பெயரைப் பார்த்து, உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு இது கூடாதோ என்று தயங்க வேண்டாம். நான் இப்போது எந்த மெஷினிலும் வழக்கமான இடத்தில் ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டையும் போட்டுவிடுகிறேன்.

இரண்டாவது பிரதியிலும் ஒரு தொல்லை உண்டு. சில டிஸ்ட்ரோக்களின் அப்டேட் அதைப் புதுப்பிக்காது. பழைய கோர், புது மாட்யூல் கதை அங்கேயும் வரும். டெபியனில் பாக்கேஜ் அமைப்பில் இதற்கு ஒரு கேள்வி இருக்கிறது, ஆம் என்று சொல்லிவைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

12 பிப்ரவரி

செக்யூர் பூட்டை அணைக்காமல் வைத்திருப்பவர் ஒருவர் கேட்டதற்குச் சுருக்கமாக: அங்கே ஃபர்ம்வேர் முதலில் ஓட்டுவது கிரப்பை இல்லை, மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சின்ன புரோகிராமை. ஷிம் கிரப்பைச் சரிபார்த்து ஓட்டும், கிரப் கெர்னலை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், பழைய பூட் லோடர்களைத் தடுக்கும் எஸ்பேட் விதியை எழுதியதால் பல டூயல் பூட் மெஷின்களில் லினக்ஸ் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று நின்றது. அதற்குக் கிரப்-இன்ஸ்டால் மருந்து இல்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் போய் ஷிம், கிரப் இரண்டையும் அப்டேட் செய்து, அந்த விதியை அழித்துவிட்டு மறுபடி இயக்க வேண்டியிருந்தது.

13 பிப்ரவரி, மாலை

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ஆர்பைண்ட் போட்டபின் வார்னிங் வரவில்லை, ரெஸ்க்யூவும் வரவில்லை, மெனு வந்துவிட்டது. ஆனால் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி "நோ சச் டிவைஸ்", கூடவே "முதலில் கெர்னலை லோடு செய்ய வேண்டும்". மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேனா என்கிறார்.

இல்லை. எரர் அதே மாதிரி இருக்கிறது, இடம் வேறு. இந்த முறை தேடுவது கோர் இமேஜ் இல்லை, மெனு. மெனுவின் கான்ஃபிக் ஃபைல் ஆர்சிங்கில் நகலாகி வந்தது, அதில் பழைய யூயூஐடியே எழுதியிருக்கிறது. கிரப்-இன்ஸ்டால் அந்த ஃபைலைத் தொடாது. அதற்குத் தனிக் கட்டளை: டெபியன் வழி டிஸ்ட்ரோக்களில் அப்டேட்-கிரப், மற்றவற்றில் கிரப்-எம்கேகான்ஃபிக். அதே சிஎச்ரூட்டுக்குள் கொடுங்கள்.

விண்டோஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைந்திருக்கும். மெனுவில் விண்டோஸைக் காணவில்லை என்றால் விண்டோஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. /ஈடிசி/டீஃபால்ட்/கிரப் ஃபைலில் அதை இயக்கிவிட்டு மறுபடி அப்டேட்-கிரப்.

சிஎச்ரூட்டை விட்டு வருமுன் எஃப்எஸ்டேபையும் (எந்த பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) திறந்து பாருங்கள். அதுவும் நகலாகி வந்ததுதான். ரூட்டின் எண்ணை மாற்ற எல்லோருக்கும் தோன்றும். ஸ்வாப்பை (ராம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடத்தை) மறந்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத டிஸ்க்குக்காகச் சிஸ்டம் காத்துக்கொண்டு நிற்கும். டெபியன் வழியில் ஹைபர்னேட்டுக்கான ரெஸ்யூம் அமைப்பிலும் ஸ்வாப் எண் இருக்கலாம், அதையும் மாற்றி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது /பூட்/ஈஎஃப்ஐ வரிக்குத்தான். அதில் பழைய இஎஸ்பியின் எண் இருக்கும். அந்தப் பார்ட்டிஷன் இன்னும் உயிரோடு இருப்பதால் எந்த எரரும் வராது, ஒழுங்காக மவுண்ட் ஆகும். அடுத்த கிரப் அப்டேட் பழைய இஎஸ்பியில் எழுதும், மெஷின் புது இஎஸ்பியிலிருந்து பூட் ஆகும். சில மாதம் கழித்து ஒருநாள் "சிம்பல் நாட் ஃபவுண்ட்" என்று வந்து நிற்பீர்கள். அப்போது இந்த நகலெடுத்த கதை யாருக்கும் நினைவிருக்காது.

14 பிப்ரவரி

பூட் ஆகிவிட்டதாம். எஃப்எஸ்டேபில் மூன்று வரியும் மாற்றிவிட்டாராம். இனி பழைய பதிவை எப்படி நீக்குவது என்று கேட்கிறார்.

ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று ஒரு கட்டளை. (கூப்பிட்டதும் வந்து காப்பாற்றுவார் என்று பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம், சில லைவ் யூஎஸ்பிகளில் அவரைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.) சும்மா கொடுத்தால் பதிவுகளும் பூட் வரிசையும் தெரியும். சின்ன வி ஆப்ஷனோடு கொடுத்தால் ஒவ்வொரு பதிவும் எந்த பார்ட்டிஷனைக் காட்டுகிறது என்பதும் தெரியும். டிஸ்ட்ரோ பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தால் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பார்ட்டிஷன் அடையாள எண்ணை பிஎல்கேஐடி என்ற கட்டளை காட்டும் பார்ட்யூயூஐடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழையது எது என்று உறுதியான பிறகு சின்ன பி போட்டு அதன் எண், பெரிய பி போட்டு நீக்கு.

அந்த எண் பதினாறின் அடிமானத்தில் இருக்கும். 0010 என்று தெரிவது பத்தாவது இல்லை, பதினாறாவது. பட்டியலில் உள்ளபடியே கொடுங்கள். பழைய இஎஸ்பியை இப்போதே ஃபார்மேட் செய்ய வேண்டாம், ஒரு கிரப் அப்டேட் வந்து போகட்டும். அதற்குப் பிறகு புது இஎஸ்பியில் உள்ள ஃபைலின் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பழையதைத் தாராளமாக அழிக்கலாம்.